முதல் நாளே கண்டுபிடித்திருக்க முடியாதா?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் மகனுக்கு 9 வயது. வியாழக்கிழமை காலை தொப்புளைச் சுற்றி வலி என்றான். பக்கத்து டாக்டர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்து கொடுத்தார். அன்று இரவு வாந்தி, மறுநாள் காய்ச்சல். வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுத்தோம், நார்மல் என்றார்கள். சனிக்கிழமை இரவு அப்பெண்டிக்ஸ் வெடித்து அவசர ஆபரேஷன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் நாளே கண்டுபிடித்திருக்க முடியாதா? இவ்வளவு சாதாரண நோயையே தவறவிட்டால், அபூர்வமான நோய்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எனக்கு 3 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கு முன்கூட்டியே அப்பெண்டிக்ஸை எடுத்துவிடலாமா?"

வியாழக்கிழமை காலையில் முடிந்திருக்காது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அநேகமாக முடிந்திருக்கும். நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்தினால், டாக்டரைக் காப்பாற்ற இன்னொரு டாக்டர் பேசுகிறார் என்று உங்களுக்குத் தோன்றும். நான் குழந்தைகளுக்கான சர்ஜன். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. நானும் தவறவிட்டிருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன்.

அப்பெண்டிக்ஸ், அதாவது குடல்வால், வலது அடிவயிற்றில் இருக்கிறது. ஆனால் அது வீங்க ஆரம்பிக்கும்போது வலி அங்கே தெரியாது. குடல்வாலிலிருந்து கிளம்பும் வலி நரம்புகளும், தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தொப்புளில் வலிக்கிறது என்று முடிவு கட்டிவிடும். வீக்கம் அதிகமாகி, வயிற்றின் உள்சுவரில் உள்ள சவ்வைத் தொட்ட பிறகுதான் வலி கீழே வலப்பக்கம் இறங்கும். பல மணி நேரம் ஆகும், சிலருக்கு ஒரு முழு நாள்கூட. 1889-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மெக்பர்னி என்ற சர்ஜன் விரல் வைத்துக் காட்டிய இடம், வலி இறங்கி வந்து நிற்கும் அந்த இடம்தான். வியாழக்கிழமை காலை உங்கள் மகனின் வலி இன்னும் அங்கே வந்திருக்காது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பையனும் குடல்வால் வீங்கிய பையனும் அந்த வேளையில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அதனால் அந்த டாக்டரின் மருந்துச்சீட்டில் எனக்குக் குறை இல்லை. "வலி இடம் மாறினாலோ, நடக்கும்போது குனிந்து நடந்தாலோ, சாயங்காலமே திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு வரி சொல்லி அனுப்பினாரா என்பதுதான் கேள்வி. சொல்லவில்லை என்றால், தவறு அந்த இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை நிலைமை வேறு. முதலில் வலி, அப்புறம் வாந்தி, அதற்கப்புறம் காய்ச்சல். இந்த வரிசை முக்கியம். வாந்தியில் ஆரம்பித்துப் பிறகு வலி வந்தால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு வகைத் தொற்று. வலியில் ஆரம்பித்துப் பிறகு வாந்தி வந்தால் குடல்வாலை நினைக்க வேண்டும். நூறு சதவீதம் பொருந்தும் விதி இல்லை, ஆனாலும் ஓபியில் எனக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான். பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் "டாக்டர், வாந்தி, காய்ச்சல், வயிற்று வலி" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். எது முதலில், எது அடுத்து என்று பிடித்து வாங்குவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க முடியாது.

சரி, ஸ்கேன் நார்மல் என்றார்களே? அந்த ரிப்போர்ட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். குடல்வால் இயல்பாக உள்ளது என்று எழுதியிருக்கிறதா, அல்லது குடல்வால் தென்படவில்லை என்று எழுதியிருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. அல்ட்ராசவுண்டில் குடல்வாலைத் தேடிப் பிடித்து, அதன் அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா, அமுக்கினால் அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றில் காற்று அதிகம் இருந்தாலோ, குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலோ அது கண்ணில் படாது. பக்கம் முழுக்க "கல்லீரல் இயல்பு, சிறுநீரகம் இயல்பு" என்று இருக்கும். கடைசி வரியில் சின்னதாக "குடல்வால் தென்படவில்லை" என்று இருக்கும். கவுன்டரில் கொடுப்பவர் நார்மல் என்பார், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். தேடிய பொருள் கிடைக்கவில்லை என்பதற்காக அது வீட்டில் இல்லை என்று சொல்லிவிட முடியாது அல்லவா?

குடல்வால் அழற்சிக்கு 2002-இல் வெளிவந்த குழந்தைகளுக்கான மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. மொத்தம் 10 மதிப்பெண். இருமினாலோ குதித்தாலோ தட்டினாலோ வலித்தால் 2, வலது அடிவயிற்றில் தொட்டால் வலித்தால் 2. பசியின்மை, வாந்தி அல்லது குமட்டல், காய்ச்சல், வலி இடம் மாறியது, இவற்றுக்கு ஆளுக்கு 1. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடியிருந்தால் 1, அவற்றில் நியூட்ரோஃபில் வகை கூடியிருந்தால் இன்னொன்று. கூட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு, தெர்மாமீட்டரைத் தவிர எந்தக் கருவியும் இல்லாமல் கிடைப்பவை. ஸ்கேனுக்கு அந்தப் பத்தில் இடமே இல்லை. ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை; சந்தேகம் பாதிப்பாதியாக இருக்கும்போது அது பெரிய துணை. ஆனால் கை வைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக அதை எடுக்கக் கூடாது.

குழந்தையைப் பார்ப்பதற்கென்றே சில தந்திரங்கள் உண்டு. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் தொப்புளைத்தான் காட்டும். நான் கேட்பதில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வேன். குடல்வால் வீங்கிய பிள்ளை ஒருமுறை குதித்துவிட்டு இரண்டாவது குதிக்காது. பைக்கில் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கத்தினானா என்று அப்பாவிடம் கேட்பேன். வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கிலாந்தில் 2012-இல் பெரியவர்களிடம் இதை ஆய்வாகவே செய்து வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வேகத்தடையில் வலி கூடியிருந்தது. வேறு காரணத்தால் வயிறு வலித்தவர்களில் பலருக்கும் கூடத்தான் செய்தது. அதனால், வலித்தால் குடல்வால் என்று சொல்ல முடியாது. கொஞ்சமும் வலிக்கவில்லை என்றால்தான் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

வலிக்கு மருந்து கொடுத்தால் நோயின் அடையாளங்கள் மறைந்துவிடும், அதனால் சர்ஜன் பார்க்கும்வரை குழந்தை துடிக்கட்டும் என்று ஒரு பழைய நம்பிக்கை டாக்டர்களிடமே இருந்தது. அது தவறு என்று ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. வலி குறைந்த குழந்தை கையைத் தட்டிவிடாமல் வயிற்றைக் காட்டும். பார்ப்பதற்கு அதுதான் வசதி. ஆனால் வீட்டில் விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வது வேறு விஷயம். குடல்வால் வீங்கியிருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வயிற்று வலி என்று வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. மலச்சிக்கல்தான் முதலிடம். சளிக்காய்ச்சலுக்குப் பிறகு குடலைச் சுற்றியுள்ள நெறிகட்டிகள் வீங்கி, குடல்வால் போலவே வலிக்கும். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தால் குழந்தை வயிற்றைத்தான் பிடித்துக்கொள்ளும். மூச்சு எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். இதுவரை யாருக்கும் தெரியாத சர்க்கரை நோய், கட்டுப்பாடில்லாமல் போய் முதன்முதலாக வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு. டெங்குவில் வயிறு கடுமையாக வலிக்கும், ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்துத் தெரியும், வயிற்றில் நீரும் கோத்திருக்கும். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தையின் வயிற்றைத் திறந்தால் ரத்தம் நிற்காது. திறக்காமல் விட்டதே சரியான முடிவு என்ற இரவுகள் எங்களுக்கு நிறைய உண்டு. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே குடல்வால் எங்களையே ஏமாற்றும். அந்த வயதில் அது அரிது. அதனாலேயே யாரும் அதை நினைப்பதில்லை. குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. இடுப்புக்குழிக்குள் தொங்கும் குடல்வால் மலக்குடலை உறுத்தி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போக வைக்கும். லூஸ் மோஷன் என்று மருந்து கொடுப்பார்கள். அந்த வயதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்டுபிடிக்கும்போதே வெடித்திருக்கும். எந்த நாட்டிலும் கதை இதுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அரிய நோயைக் கண்டுபிடிக்க அபாரமான மூளை வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் எங்களுக்குக் கிடைக்கும் முதல் துப்பு குழந்தையின் வயது. பெரியவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. வாந்தி என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. பிறந்து 2 நாள், 5 வாரம், 7 மாதம், 9 வயது என்று சொன்னால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நோய் மனதில் வந்து நிற்கும்.

பிறந்த குழந்தை வாயில் நுரை தள்ளிக்கொண்டே இருக்கிறதா? முதல் பாலைக் கொடுக்கும் முன் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ஒரு குழாயை விட்டுப் பார்த்தால் போதும். சுமார் 10 சென்டிமீட்டரில் தட்டி நின்றால் உணவுக்குழாய் நடுவில் அடைபட்டிருக்கிறது. சில ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று வரும் குறை அது. அதைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு ஒரு ரப்பர் குழாய், ஒரு எக்ஸ்ரே.

பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் எங்களுக்கு அலாரம் அடிக்கும். இதில் மொழிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பித்தம் என்றால் மஞ்சள். "பித்த வாந்தி டாக்டர்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நாங்கள் பயப்படுவது கீரையை அரைத்தாற்போன்ற பச்சைக்கு. தெரியாவிட்டால் வாந்தி பட்ட துணியை அப்படியே கொண்டுவரச் சொல்வேன். கருவில் குடல் சுழன்று தன் இடத்தில் சரியாகப் படியாமல் போனால், பிறந்த பிறகு அது முழுவதுமாக முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கிய சில மணி நேரத்தில் சிறுகுடல் முழுக்கக் கறுத்துப்போகும். முறுக்கின குழந்தை ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும், வயிறுகூட உப்பாது. மருந்து புகட்டி எக்ஸ்ரே எடுத்தோ, ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் சுழிபோல் சுற்றியிருப்பதைப் பார்த்தோ உறுதி செய்யலாம். பச்சை வாந்தியுடன் வரும் பச்சிளம் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆபரேஷன் தேவைப்படாமல் போய்விடும். இருந்தாலும் எல்லோரையும் முறுக்கிய குடலாகவே நினைத்து ஓடுவோம். பாஸ்டனில் வில்லியம் லாட் 1930-களில் வகுத்த ஆபரேஷனைத்தான் இன்றும் செய்கிறோம்.

அதுவே ஐந்து வாரக் குழந்தை, வெள்ளையாக, பால்பாலாக, பீய்ச்சி அடித்தாற்போல வாந்தி எடுத்துவிட்டு உடனே மறுபடி பசிக்கு அழுதால், இரைப்பையின் வாசல் தசை தடித்திருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைச்சன் பிள்ளைகளுக்கு அதிகம். பால் குடிக்கும்போது வயிற்றில் விரல் வைத்தால் கட்டியொன்று உருளும். பாடப்புத்தகத்தில் ஆலிவ் காய் போல என்று இருக்கும். நான் மாணவனாக இருந்தபோது ஆலிவ்வைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்கள் பேராசிரியர் கொட்டைப்பாக்கு என்று சொன்ன பிறகுதான் கைக்குப் பிடிபட்டது. ஸ்கேனில் தசை 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். இது அவசர ஆபரேஷன் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியம். வாந்தியில் போன உப்புகளை ட்ரிப்ஸ் போட்டு ஒன்றிரண்டு நாளில் சரிசெய்த பிறகுதான் தியேட்டருக்குக் கொண்டுபோவோம்.

ஏழு மாதக் குழந்தையின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த வயதில் குடலுக்குள் குடல் சொருகிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. டெலஸ்கோப்பை மடக்குவது போல ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய்விடும். 5 முதல் 9 மாதத்துக்குள் அதிகம். பெரும்பாலும் ஒரு சளி, காய்ச்சலுக்குப் பிறகு குடல் சுவரிலுள்ள நெறித் திசுக்கள் வீங்கி, அதைப் பிடித்துக் குடல் உள்ளே இழுபடும். குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும். இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். பதினைந்து இருபது நிமிடம் துவண்டு கிடக்கும். மறுபடி வீறிடும்.

ஒரு குடும்பம் இப்படிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் நாள் வந்தது. வீட்டில் கிரைப் வாட்டர் ஆயிற்று. குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை வழித்துவிட்டாயிற்று. பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கிறவரிடம் போய், அவர் ஊதி எடுத்ததாக ஒரு பருப்பைக் காட்டி அனுப்பியிருக்கிறார். தாய்ப்பாலைத் தவிர எதுவும் தொடாத குழந்தை அது. பருப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. குழந்தை என் முன்னால் இருந்தபோது அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு மெத்தென்று இருந்தது. நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த அம்மா, "இப்போ இப்படித்தான் சார் இருக்கும், இதைப் பாருங்க" என்று போனை நீட்டினார். ராத்திரி எடுத்த வீடியோ. அழுகைக்கும் அழுகைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்றுகூட அதில் தெரிந்தது. ஸ்கேனில் வளையத்துக்குள் வளையமாகக் குடல் தெரிந்தது. ஆசனவாய் வழியாக உப்புநீரை அழுத்தத்தில் செலுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சொருகலை விடுவித்தோம். கத்தி படவில்லை. நேரத்தோடு வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படியே சரியாகிவிடும்; பத்தில் ஒருவருக்குத் திரும்ப வரலாம். ரத்தமும் சளியுமாக ஜாம் போல மலம் போகும்வரை காத்திருந்தால் தாமதம். அது கடைசியில் வரும் அடையாளம், சிலருக்கு வராமலே போகும்.

தொக்கம், குடலேற்றம் பற்றி ஒன்று. வீட்டுப் பெரியவர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. குழந்தை வழக்கம்போல இல்லை என்று வீட்டில் முதலில் சொல்வது பெரும்பாலும் பாட்டிதான். அவர் கவனிப்பு சரி, வைத்தியம்தான் தப்பு. சொருகிய குடலையும் முறுக்கிய குடலையும் மேலிருந்து வழித்தால் கெடுதலே நடக்கும்.

இனி என் தவறு. பதினான்கு வயதுப் பையன், இரவு இரண்டு மணி, இடப்பக்க அடிவயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. அப்பா, சித்தப்பா, நர்ஸ் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஊசி போட்டு, காலையில் ஸ்கேன் பார்ப்போம் என்று படுக்க வைத்தேன். காலையில்தான் அவன், அப்பா டீ வாங்கப் போன நேரம் பார்த்து, நர்ஸிடம் கீழே வீங்கியிருக்கிறது என்றான். விரை முறுக்கிக்கொண்டிருந்தது. 6 மணி நேரத்துக்குள் திருப்பிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்கு மேல் போகப் போக வாய்ப்பு வேகமாகக் குறையும். அவனுக்கு ஆரம்பித்துப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கறுத்துப்போன விரையை எடுத்துவிட்டு, மறுபக்கம் இருந்ததை முறுக்காமல் தைத்து வைத்தோம். நோய் அரிதானதும் இல்லை, கண்டுபிடிக்கக் கடினமானதும் இல்லை. நான் அவன் டவுசரைக் கழற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த வயதுப் பையன் வெட்கத்தில் வயிறு என்றுதான் சொல்வான். இப்போதெல்லாம் திரையை இழுத்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் பார்க்கிறேன். பன்னிரண்டு பதின்மூன்று வயது மகன்கள் உள்ளவர்கள், "அங்கே வலித்தால் நடுராத்திரி ஆனாலும் எழுப்பு" என்று ஒருமுறை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

அவசரமாகத் தெரியாத ஆபத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை சகஜம், பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்று நமக்கெல்லாம் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அப்படி விட முடியாது. பித்தக்குழாய்கள் அடைந்துபோகும் அரிய நோய் ஒன்று அதன் பின்னால் ஒளிந்திருக்கலாம். அந்தக் குழந்தை கொழுகொழுவென்று, நன்றாகப் பால் குடித்து, எடையும் கூடிக்கொண்டிருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது. துப்பு மலத்தின் நிறத்தில் இருக்கிறது. பித்தம் குடலுக்கு வராததால் மலம் சுண்ணாம்பு போல, சந்தனம் கரைத்தது போல வெளிறிப் போகும். மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விடும். நேரடி பிலிருபின் என்ற ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். ஜப்பானின் மொரியோ கசாய் 1950-களில் உருவாக்கிய ஆபரேஷன் இதற்கு இருக்கிறது. ஆனால் பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். தாமதமானால் கல்லீரல் கெட்டு, மாற்று அறுவை சிகிச்சைதான். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு குழந்தையின் சுகாதாரக் கையேட்டிலும் மலநிற அட்டை ஒன்றைச் சேர்த்தார்கள். அம்மா டயபரைப் பார்த்து அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் போன் செய்வார். அதன் பிறகு அங்கே 60 நாளுக்குள் ஆபரேஷன் ஆகும் குழந்தைகள் கூடினார்கள். ஒரு வண்ண அட்டை செய்த வேலை! நம் ஊரில் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மலச்சிக்கலிலும் இதே கதை. ஆயிரம் குழந்தைகளுக்கு மலச்சிக்கல் இருந்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்க்கைமுறைதான் காரணம். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு முடிச்சுகளே இல்லாமல் பிறக்கும் குழந்தை, சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்று. கோபன்ஹேகனின் ஹிர்ஷ்ப்ரங் 1886-இல் விவரித்ததால் அவர் பெயரே அந்த நோய்க்கு. கூட்டத்திலிருந்து அந்த ஒரு குழந்தையைப் பிரித்தெடுக்க ஒரு கேள்வி போதும்: பிறந்து முதல் கருமலம் எப்போது போனது? நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் 48 மணி நேரத்துக்குள் போய்விடும். நான்கு வயதுக் குழந்தையை மலச்சிக்கலுக்கு அழைத்து வருபவர்களிடம் நான் நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த இரண்டு நாளைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். உடன் வந்த பாட்டிக்கு நினைவிருக்கும். சந்தேகம் இருந்தால் மலக்குடலிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்ப்போம். பெண் குழந்தைகளில் ஆசனவாய் இருக்கும் இடமே தவறி, பிறப்புறுப்பை ஒட்டிச் சிறு துளையாக இருந்து, வருடக்கணக்கில் மலச்சிக்கல் மருந்து சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். யாரும் கீழே பார்க்கவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொடை இடுக்கில் அழும்போது வந்து போகும் புடைப்பு குடலிறக்கம். கைக்குழந்தையாக இருந்தால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகிவிட்டால் அன்றைக்கே. தொப்புள் புடைப்பு அப்படியில்லை, நான்கைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். காசு வைத்துக் கட்ட வேண்டாம். விரைப்பையில் வெறும் நீர் கோத்திருந்தால் ஒரு வருடத்துக்கு மேலேயும் காத்திருக்கலாம். விரை இறங்கவே இல்லை என்றால், ஆறு மாதம் வரை பார்த்துவிட்டு ஒரு வயதை ஒட்டி ஆபரேஷன். பள்ளிக்கூடம் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது தாமதம். குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் கட்டி தட்டுப்பட்டால், திரும்பத் திரும்ப அமுக்காமல் அந்த வாரமே காட்டுங்கள். சிறுநீரகக் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சோப்புப் போடும் கைதான்.

மகளுக்கு முன்கூட்டியே எடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் வராமல் போவதற்கான வாய்ப்புதான் இன்னும் மிகப் பெரிது. தேவையில்லாத மயக்க மருந்தும் வயிற்றுக்குள் ஒரு தழும்பும் அவளுக்கு எதற்கு? அது மட்டுமல்ல, குழந்தை சர்ஜன்கள் குடல்வாலை வீண் உறுப்பாக நினைப்பதில்லை. பிரான்ஸின் மித்ரோஃபனாஃப் 1980-இல் குடல்வாலையே குழாயாக்கி, சிறுநீர்ப்பையிலிருந்து வயிற்றின் தோல்வரை வழி அமைத்தார். பிறவியிலேயே தண்டுவடக் குறையுள்ள குழந்தைகள் அதன் வழியாகச் சிறுநீரை எடுத்துவிட்டு, நனையாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள். பத்து வருடம் கழித்து இங்கிலாந்தில் மலோன் அதே குடல்வாலை, பெருங்குடலைக் கழுவும் வழியாக மாற்றினார். அதனால் நல்ல குடல்வாலைத் தூக்கி எறிய எங்களுக்கு மனசு வராது.

உங்கள் மகனுக்கு இனி கவனிக்க வேண்டியது இரண்டு. வெடித்த குடல்வாலுக்குப் பிறகு, வீடு திரும்பிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல், வயிற்று வலி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மலம் போவது என்று வந்தால், உள்ளே சீழ் சேர்ந்திருக்கலாம். ஆபரேஷன் செய்த இடத்திலேயே காட்டுங்கள். இன்னொன்று, வருடங்கள் கழித்தும் வரலாம். வயிற்றுக்குள் ஏற்பட்ட தழும்பில் குடல் ஒட்டி மடங்கி அடைத்துக்கொள்வது அது. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால், எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "இவனுக்கு 9 வயதில் அப்பெண்டிக்ஸ் வெடித்து ஆபரேஷன் ஆனது" என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவனான பிறகு அவன் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.